எழுத்துக்கு எதற்கு அலை?

கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, கடல் சார்ந்தவை எவை என்று தேடினால் ஒரு கூட்டமே வந்து நிற்கும். ஒன்றில் எழுத்தின் அடிப்பகுதி அலையாகப் புரளும். இன்னொன்றில் நெடுங்கோட்டின் நுனி மீன்வாலாகப் பிளக்கும். வட்டமான எழுத்துக்குள் சங்கு இருக்கும். குறுக்குக்கோடு இருக்கவேண்டிய இடத்தில் நங்கூரம் தொங்கும். கடற்கரை விடுதியின் பெயர்ப்பலகை, மீன்சாப்பாட்டுக் கடையின் மெனு அட்டை, குழந்தையின் பிறந்தநாள் அழைப்பு, நீச்சல் வகுப்பு விளம்பரம் என்று எங்கும் இவற்றைப் பார்க்கலாம். டிஸ்ப்ளே எழுத்துரு என்பது தொழிலில் இவற்றுக்குப் பெயர். தலைப்பில் நாலைந்து சொல்லுக்கு, பெரிய அளவில், தூரத்திலிருந்தே கண்ணை இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. பத்தி பத்தியாக இவற்றில் அச்சிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ரசனை சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று இதைக் கடந்துபோய்விடலாம். ஆனால் எழுத்துக்கு வேடம் போடலாமா என்று முதலில் மல்லுக்கு நின்றவர்களில் துறவிகளும் உண்டு. சொல் வந்தது பொருளைக் கொண்டுசேர்க்க, அதற்கு உடை எதற்கு என்று கேட்டது ஒரு கட்சி. கடவுளின் சொல்லை மொட்டையாக எழுதிவைப்பதுதான் மரியாதையா என்று திருப்பிக் கேட்டது மறு கட்சி. நூற்றாண்டுகள் பல கடந்தும் வழக்கு முடியவில்லை. மடத்திலிருந்து அச்சுக்கூடத்துக்கும், அங்கிருந்து கணினிக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் கெலோன் வழிபாட்டு நூல் என்றொரு தோல்சுவடி இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது. பூசையில் குருவானவர் சொல்லவேண்டிய செபங்களின் தொகுப்பு. அதன் முதலெழுத்துகள் பலவும் மீன்களாலும் பறவைகளாலும் ஆனவை. ஒரு மீன் வளைந்து எழுத்தின் வயிறாகிறது. இன்னொன்று நிமிர்ந்து தண்டாகிறது. வத்திக்கான் நூலகத்தில் இருக்கும், ஏறக்குறைய 750-ல் எழுதப்பட்ட மற்றொரு வழிபாட்டு நூலிலும் மீன் எழுத்துகள் உண்டு. அக்காலப் பிரெஞ்சு மடங்களில் இது பழகிப்போன பாணி.

ஏன் மீன்? தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே கிறிஸ்தவர்களுக்கு மீன் இயேசுவின் அடையாளம் என்பது பக்தியான பதில். கைவேலைக்காரரின் பதில் வேறாக இருந்திருக்கலாம். நடுவில் பருத்து இரு நுனியிலும் மெலிகிறது மீனின் உடல். இறகுப் பேனா வளைந்து இழுக்கும் கோடும் அப்படித்தான் பருத்து மெலியும். எழுத்துக்குள் புகுந்துகொள்ள மீனைவிட வாகான பிராணி கிடையாது. அடையாளமும் வசதியும் ஒரே தூரிகையில் சேர்ந்துகொண்டன. எது முதலில் வந்தது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதே நூலில் இன்னோர் எழுத்து இருக்கிறது. பூசையின் மையச் செபம் லத்தீனில் 'டி' என்ற எழுத்தில் தொடங்குகிறது. அந்த எழுத்தை ஓவியர் சிலுவையாகவே வரைந்து, அதில் அறையப்பட்ட இயேசுவை வைத்துவிட்டார். குருவானவர் செபத்தை வாசிக்கக் குனியும்போது அவர் பார்ப்பது எழுத்தா, சிலுவையா? இரண்டும்தான். மீன் எழுத்தில் மீனை எடுத்துவிட்டாலும் செபம் குறைவுபடாது. இந்த 'டி'-யில் உருவத்தை எடுத்துவிட்டால் என்னவோ ஒன்று போய்விடும். அலங்காரம் என்று ஒரே பெயரில் நாம் சொல்லும் விஷயத்துக்குள் இப்படி இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன.

அயர்லாந்தின் புகழ்பெற்ற கெல்ஸ் நூல், ஏறக்குறைய 800-ஐச் சேர்ந்தது, இந்த இரண்டு வேலையையும் ஒரே பக்கத்தில் செய்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் அந்தச் சுவடியில் கிறிஸ்துவின் பெயரைத் தொடங்கும் எழுத்துகள் ஒரு முழுப் பக்கத்தையும் விழுங்கிவிடுகின்றன. பின்னலும் சுழலுமாக விரியும் அந்த எழுத்துகளின் காலடியில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற மாதிரி, ஒரு நீர்நாய் மீனைக் கவ்விக்கொண்டிருக்கிறது. இந்த நூலோடு தொடர்புபடுத்தப்படும் அயோனா மடம் இருந்தது ஒரு தீவில். 806-ல் வைக்கிங்குகள் கடல்வழியாக வந்து அங்கே 68 பேரைக் கொன்றார்கள். கடல் என்பது சாப்பாட்டுக்கு மீனும், எப்போது வரும் என்று தெரியாத சாவும் தந்த இடமாக இருந்த மனிதர்களின் எழுத்து அது. இது பிறகு தேவைப்படும்.

12-ஆம் நூற்றாண்டில் எதிர்ப்பு வெடித்தது. பிரான்சின் சீத்தோ மடத்தில் 1111-ல் ஒரு பெரிய விவிலிய விளக்க நூலைப் பிரதி எடுத்து முடித்திருந்தார்கள். அதன் முதலெழுத்துகளில் துறவிகள் மரம் பிளக்கிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், போர்வீரன் டிராகனோடு மோதுகிறான். அந்த மடத்தில் பிறந்த சிஸ்டர்சியன் சபை சில பத்தாண்டுகளுக்குள் ஒரு விதி போட்டது: எழுத்துகள் ஒரே நிறத்தில் இருக்கவேண்டும், படம் வரையக்கூடாது. சன்னல் கண்ணாடிக்கும் இதே கதி. வெள்ளைக் கண்ணாடி, சித்திரம் இல்லாமல்.

அந்தச் சபையின் பெருங்குரல் கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்டு. ஏறக்குறைய 1125-ல் நண்பரான ஒரு மடத்தலைவருக்கு அவர் எழுதிய நீண்ட மடலில், மடங்களின் உள்முற்றத் தூண்களில் செதுக்கியிருக்கும் விசித்திர உருவங்களைப் போட்டுத் தாக்குகிறார். ஒரு தலைக்குப் பல உடல், மீன் உடலில் நாற்கால் விலங்கின் தலை என்று அவர் அடுக்கும் பட்டியலைப் படித்தால், வெறுத்தவர் இவ்வளவு கூர்ந்து பார்த்திருப்பாரா என்று சந்தேகம் வரும். கலை வரலாற்றாளர் மேயர் ஷாபிரோ இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பெர்னார்டின் பயம் நியாயமானது. துறவி புத்தகத்தை மூடிவிட்டுக் கல்லைப் படிக்கத் தொடங்கிவிடுவான், வேதத்தைத் தியானிக்கவேண்டிய பொழுது வேடிக்கையில் போய்விடும் என்பது முதல் குற்றச்சாட்டு. ஏழை அம்மணமாக நிற்கையில் கோயில் சுவருக்குப் பொன் பூசுவது என்ன தர்மம் என்பது இரண்டாவது. ஆனால் அவரே ஓர் இடம் விடுகிறார். ஊர்க்கோயில் நடத்தும் ஆயர்களுக்குச் சாதாரண மக்களை இழுக்க அலங்காரம் தேவைப்படலாம். உலகைத் துறந்தவனுக்கு என்ன தேவை என்கிறார். இன்றைய விளம்பர நிறுவனத்தில் தலைப்புக்கு ஓர் எழுத்துரு, உள்ளடக்கத்துக்கு ஓர் எழுத்துரு என்று பிரிப்பவர்களும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தச் சலுகையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மடத்தைவிட்டு வெளியே வந்த பிறகும் பெர்னார்டின் வாதம் சாகவில்லை. 1930 அக்டோபர் 7 அன்று லண்டனில் அச்சுக்கலைஞர்கள் முன்னால் பியாட்ரிஸ் வார்ட் ஆற்றிய உரை, பின்னாளில் 'பளிங்குக் கிண்ணம்' என்ற தலைப்பில் உலகமெங்கும் வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடமானது. ஒயினை ருசிப்பவர் தங்கக் கோப்பையை ஒதுக்கிவிட்டுத் தெளிந்த கண்ணாடியைத்தான் எடுப்பார். அச்செழுத்தும் அப்படியே, தன்னைக் காட்டாமல் உள்ளிருப்பதைக் காட்டவேண்டும் என்பது அவர் கட்சி. சிஸ்டர்சியன் சபையின் நிறமில்லாச் சன்னல் இங்கே கண்ணாடிக் கிண்ணமாக வந்திருக்கிறது. அதற்கு 20 ஆண்டு முன்பே வியன்னாக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், அலங்காரத்தைக் குற்றமாகவே அறிவித்துப் பேசியிருந்தார். தேவையில்லாத வேலைப்பாட்டில் தொழிலாளியின் உழைப்பு வீணாகிறது என்ற அவருடைய பொருளாதார வாதத்தில் சத்து உண்டு. நாகரிகம் வளர வளர அலங்காரம் உதிரும் என்று நிறுவ, பாப்புவா மக்களைப் பின்தங்கியவர்களாகக் காட்டிய வாதத்தில் இருந்தது வெறும் இனத்திமிர்.

இந்தக் கட்சியின் தளபதிகளில் ஒருவர் கட்சி மாறியது சுவையான கதை. ஜெர்மனியின் யான் சிகோல்டு 1928-ல் 'புதிய அச்சுக்கலை' என்ற நூலில், அலங்காரமற்ற நேர்கோட்டு எழுத்துதான் இந்த யுகத்தின் எழுத்து என்று அடித்துச் சொன்னார். 1933-ல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். விடுதலையானதும் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். பின்னாளில் அவர் தன் பழைய நூலையே சந்தேகித்தார். எல்லாருக்கும் ஒரே விதி, ஒரே ஒழுங்கு என்ற அந்த முறுக்கில், தன்னைத் துரத்தியவர்களின் மனப்போக்கு நிழலாடுவதாக உணர்ந்தார். மரபான எழுத்துகளுக்குத் திரும்பினார். 1940-களின் கடைசியில் இங்கிலாந்தின் பென்குயின் பதிப்பகத்தின் புத்தகங்களைச் சீர்செய்தபோது பூவேலைக் கரைகளுக்கும் இடம் கொடுத்தார். துறவு எடுக்கலாம், ஊர் முழுக்கத் துறவியாகவேண்டும் என்று சட்டம் போட்டால் அது வேறு விஷயமாகிவிடுகிறது என்பதை அனுபவித்து அறிந்தவர் அவர்.

எதிர்க்கட்சிக்கு வாதாட ஒரு தமிழ்த் தந்தையின் மகன் இருக்கிறார். ஆனந்த குமாரசுவாமி 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். இலங்கையின் கைவினை மரபைப் பற்றி அவர் எழுதிய 'இடைக்காலச் சிங்களக் கலை' 1908-ல் வந்தது. வில்லியம் மோரிஸ் தம் அழகிய நூல்களை அடித்த கை அச்சு இயந்திரத்திலேயே, குமாரசுவாமியின் நேர் மேற்பார்வையில், 425 பிரதிகள் அச்சாயின. எழுத்தின் அழகு பற்றி வெளியிலிருந்து பேசியவர் அல்லர். அச்சு மையைக் கையில் ஒட்டிக்கொண்டவர். 1939-ல் அவர் அலங்காரம் பற்றி எழுதிய கட்டுரையின் சாரம் இது: பழைய சமூகங்களில் அலங்காரம் என்பது முடிந்த பொருளின் மேல் பூசிய பூச்சு அன்று, பொருள் தன் வேலையைச் செய்வதற்குத் தேவையான பகுதி. அரசனுக்கு முடி போல, வேள்விக்கு மந்திரம் போல. அது தேவையற்ற மினுமினுப்பு என்று ஆனது பின்னால் வந்த வீழ்ச்சி.

யூத மரபில் இந்த எண்ணத்துக்கு ஓர் அற்புதமான கதை உண்டு. தல்மூதில் மெனஹோத் என்ற பகுதியில் வருவது. மோசே மலைமேல் ஏறிப் போகிறார். கடவுள் வேதத்தின் எழுத்துகளுக்குச் சின்னச் சின்னக் கிரீடங்கள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுத்துதான் முடிந்துவிட்டதே, இது எதற்கு என்று மோசேக்குக் குழப்பம். பல தலைமுறைக்குப் பிறகு அக்கிவா என்றொருவன் வருவான், இந்தக் கிரீடத்தின் ஒவ்வொரு முள்ளிலிருந்தும் மலைமலையாகச் சட்டங்களை எடுத்துக் காட்டுவான் என்கிறார் கடவுள். இன்றும் தோரா சுருளில் ஏழு எழுத்துகளின் தலையில் மும்மூன்று நுண்கோடுகளைச் சுருள் எழுதுபவர் இறகுப் பேனாவால் வைக்கிறார். உச்சரிப்பில் அவற்றுக்கு வேலை இல்லை. ஆனால் இன்றைக்குப் பொருள் தெரியாத கோடு நாளைக்குப் பொருள் தரலாம் என்ற நம்பிக்கை அந்தக் கோட்டில் இருக்கிறது. வார்டின் பளிங்குக் கிண்ணத்தில் இதற்கு இடமே கிடையாது.

கடலும் எழுத்தும் மிக அழகாகச் சேர்ந்த இடம் துருக்கி. ஒட்டோமான் எழுத்தணிக் கலைஞர்கள் இஸ்லாமிய நம்பிக்கைப் பிரமாணத்தை ஒரு கப்பலாக எழுதினார்கள். இறைவனையும் வானவர்களையும் வேதங்களையும் தூதர்களையும் நம்புகிறேன் என்று போகும் அந்த வாக்கியத்தில், ஒவ்வொன்றையும் இணைக்க 'வாவ்' என்ற எழுத்து திரும்பத் திரும்ப வரும். கீழ்நோக்கி வளைந்த வாலுடைய எழுத்து. அந்த வால்களைத் துடுப்புகளாக நீட்டினார்கள். இணைக்கும் சொல்லே கப்பலை ஓட்டுகிறது! நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அப்துல் காதிர் ஹிசாரி 1766-67-ல் எழுதிய இன்னொரு கப்பல் இருக்கிறது. அதன் உடற்பகுதி, குர்ஆனின் 18-ஆம் அத்தியாயம் சொல்லும் குகைத் தோழர்கள், அவர்களுடைய நாய் ஆகியோரின் பெயர்களால் ஆனது. அந்தப் பெயர்கள் காப்பு என்பது மக்களின் நம்பிக்கை. பல நூறு ஆண்டு தூங்கியும் அழியாமல் எழுந்தவர்களின் பெயரால் கட்டிய கப்பல், அலைமேல் போகிறது. உருவம் இங்கே ஒரு வாதத்தையே முன்வைக்கிறது.

தமிழில் சித்திரகவி எழுதியவர்களுக்கு இந்த மனம் புரியும். பாம்பு உருவத்தின் கட்டங்களுக்குள் பாட்டின் எழுத்துகளை அடைத்து, உடல்கள் பின்னிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு அடிக்கும் பொருந்தும்படி செய்வது நாகபந்தம். ஸ்ரீராமஜெயம் என்ற எழுத்துகளாலேயே அனுமாரை வரைந்த படம் எத்தனையோ வீட்டுப் பூசையறையில் தொங்குகிறது.

இவ்வளவையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அலங்காரம் நல்லதா கெட்டதா என்று கேட்ட இரு கட்சியும், அலங்காரம் பேசுகிறது என்பதை ஒப்புக்கொள்கின்றன. பேசுவதால்தான் பெர்னார்டு பயந்தார். பேசுவதால்தான் ஹிசாரி எழுதினார். எழுத்துக்கு அலை சேர்ப்பவர் அந்தச் சொல்லைப் பற்றி ஏதோ ஒன்றை அடித்துச் சொல்கிறார். சொல்லப்படும் எதுவும் மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அப்படியானால் கடல் எழுத்துருவிடம் கேட்கவேண்டியது, அழகாக இருக்கிறாயா என்பதற்கு முன்னால், நீ சொல்வது உண்மையா என்பதுதான்.

பப்பைரஸ் எழுத்துருவின் கதையை இந்தக் கேள்வியோடு படிக்கலாம். அமெரிக்கர் கிறிஸ் காஸ்டெல்லோ 1982-ல், 23 வயதில், சொரசொரப்பான தாளில் பேனாவால் அதை வரைந்தார். 2,000 ஆண்டுக்கு முன் மேற்காசியாவில் எழுத்து எப்படி இருந்திருக்கும் என்று, விவிலிய வாசிப்பின் நடுவே, அவர் கற்பனை செய்து பார்த்ததன் விளைவு. ஓர் இளைஞனின் தேடலாகப் பிறந்த எழுத்து, கணினிகளோடு இலவசமாக வரத் தொடங்கியதும் தேவாலயப் பலகைக்கும் யோகா நிலையத்துக்கும் மூலிகைக் கடைக்கும் போனது. 2009-ல் 'அவதார்' திரைப்படத்தின் பெயரிலேயே, சில மாற்றங்களோடு, ஏறி உட்கார்ந்தது. எங்கோ பழமையானது, எப்படியோ புனிதமானது என்பதைத் தவிர எதையும் அது குறிப்பாகச் சொல்லவில்லை. இன்னோர் உலகின் மக்களுக்கும் அதே எழுத்து, தெருமுனை மசாஜ் கடைக்கும் அதே எழுத்து என்றால் இரண்டில் ஓரிடத்திலாவது அது பொய் சொல்கிறது. 2017-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதை வைத்தே ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. பார்வையாளர்கள் சிரித்தார்கள் என்றால், எழுத்து பொய் சொல்வது சாதாரணக் கண்ணுக்கும் பிடிபடுகிறது என்று அர்த்தம்.

மறுமுனையில் சுனாமி எச்சரிக்கைப் பலகை. உயர்ந்து சுருளும் ஓர் அலை, மேட்டை நோக்கி ஓடும் ஒரு மனித உருவம், பக்கத்தில் சாதாரண எழுத்து. அலையைப் படத்துக்கு விட்டுவிட்டு எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தப் பலகையில் சொற்களை அலைபோல வளைத்து எழுத எந்த வடிவமைப்பாளருக்கும் கை வராது. படிக்க ஒரு நொடி கூடுதலாகும் என்பது ஒரு காரணம். அந்த அலை விளையாட்டில்லை என்பது மற்றொன்று.

படிக்கக் கூடுதலாகும் அந்த ஒரு நொடிக்கும் வக்கீல்கள் உண்டு. படிக்கக் கடினமான எழுத்தில் தந்த பாடம் மாணவர்கள் மனதில் நன்றாகப் பதிந்தது என்று 2011-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கண் தடுக்கினால் மனம் விழித்துக்கொள்ளும் என்பது கருத்து. அதை நம்பி மெல்போர்னில் ஒரு பல்கலைக்கழகம் 2018-ல், கோடுகள் ஆங்காங்கே அறுந்துபோன ஓர் எழுத்துருவையே செய்தது. மறுபடி சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தடுக்குவதால் மட்டும் யாரும் தியானத்துக்குப் போய்விடுவதில்லை என்று பெர்னார்டு சிரித்திருப்பார்.

தமிழ் எழுத்தில் கடல் வேடம் போடும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ரோமன் எழுத்தின் நுனியில் ஒரு சுருளைச் சேர்த்தால் பெரும்பாலும் அது சுருள்தான். தமிழில் சுழிக்கு விலை உண்டு. ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண' என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித்தருகிறோம். அலை எழுத்துருக்காரர் அழகுக்காக ஒரு சுழியைக் கூட்டிவிட்டால் 'மனம்' 'மணம்' ஆகிவிடும். கொம்பின் மேலே ஒரு வளைவு கூடினால் 'தென்' 'தேன்' ஆகும். நீர்க்குமிழி இன்னும் சுவாரசியம். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதிலாகக் குமிழியை வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. வட்டத்தின் இடத்தில் வட்டம். அதே குமிழிகளை அழகுக்காக எழுத்துகளின் தலைமேல் சிதறவிட்டால் 'கடல்' என்ற சொல்லில் எந்த எழுத்து மெய், எந்த எழுத்து உயிர்மெய் என்று குழம்பும். குமிழி எங்கே உட்கார்ந்தால் பேச்சு, எங்கே உட்கார்ந்தால் இரைச்சல் என்பதைத் தமிழ் இலக்கணமே முடிவு செய்து வைத்திருக்கிறது.

இந்தக் கவலை எபிரேயச் சுருள் எழுதுபவர்களுக்குப் பழக்கமானது. அங்கே 'தாலெத்', 'ரேஷ்' என்ற இரண்டு எழுத்துகளுக்கும் ஒரு மூலை மட்டுமே வித்தியாசம். முன்னதற்குக் கூர்முனை, பின்னதற்கு வளைவு. கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் வசனத்தின் கடைசி எழுத்து 'தாலெத்'. அதன் மூலை மழுங்கினால் ஒருவர் என்பது வேறொருவர் என்று மாறிவிடும். அப்படி எழுதியவன் உலகத்தையே அழித்தவன் என்கிறது பழைய யூத உரை நூல் ஒன்று. தோரா சுருளில் அந்த எழுத்தை மற்றவற்றைவிடப் பெரிதாக எழுதுகிறார்கள். டிஸ்ப்ளே எழுத்துரு என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, பெரிதாக்கிக் காட்டுவது பொருளைக் காப்பாற்றப் பயன்பட்டது.

இனி, கணினிக்கே உரிய ஒரு சங்கடம். கெலோன் நூலின் ஓவியர் ஒவ்வொரு மீனையும் புதிதாக வரைந்தார். எழுத்துருக் கோப்பில் ஒரு தடவை வரைந்த மீன் கோடி தடவை அச்சாகிறது. ஒரே சொல்லில் ஒரே எழுத்து மூன்று இடத்தில் வந்தால் மூன்றிலும் அதே அலை, அதே இடத்தில், அதே உயரத்தில் எழும். கடலில் அப்படி இரண்டு அலை எழுவதில்லை. இந்தப் பொய்யை உணர்ந்தவர்கள் எழுத்துருக்காரர்களே. நெதர்லாந்தின் யுஸ்ட் வான் ராசும், எரிக் வான் பிளோக்லாண்டு இருவரும் 1990-ல் வெளியிட்ட பேயோல்ஃப் எழுத்துரு, அச்சிடும் ஒவ்வொரு முறையும் தன் விளிம்பைத் தானே மாற்றிக்கொண்டது. இன்றைய ஓப்பன்டைப் கோப்புகளில் ஓர் எழுத்துக்குப் பல மாற்று வடிவங்களை வைத்து, பக்கத்து எழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். கையின் தடுமாற்றத்தைக் கணக்கு போட்டு வரவழைக்கிறார்கள். பக்தியை அப்படி வரவழைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் தட்டினால் வருவதெல்லாம் அதே காரணத்தால் மலிவு என்றும் சொல்லிவிட முடியாது. ஹிசாரியின் கப்பலை அச்சிட்டு மாட்டிய ஏழை வீட்டிலும் அந்தப் பெயர்கள் அதே பெயர்கள்தான்.

எதை அலங்கரிப்பது, எதை விட்டுவிடுவது என்பதற்கு ஒரே நூலில் விடை எழுதி வைத்தவர்கள் இருவர். ஸ்பெயினின் லா கொருன்யா நகரில் 1476-ல் முடிந்த எபிரேய விவிலியம் அது; இன்று ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் கென்னிகாட் விவிலியம் என்ற பெயரில் இருக்கிறது. எழுதியவர் மோசே இப்ன் ஸபாரா, ஓவியர் யோசேப் இப்ன் ஹயீம். யோனாவை மீன் விழுங்கும் காட்சியை ஓவியர் துடிப்பாக வரைந்திருக்கிறார். ஆனால் வேத வாசகம் முழுவதும் நேரான, வேடமில்லாத சதுர எழுத்தில் ஓடுகிறது. கடைசியில் ஒரு முழுப் பக்கத்தில் ஓவியர் தன் பெயரை எழுதுகிறார். அந்த எழுத்துகள் மட்டும் மனிதர்களாலும் மிருகங்களாலும் பறவைகளாலும் மீன்களாலும் ஆனவை. 13-ஆம் நூற்றாண்டின் ஒரு யூத அறநூல், விவிலியத்தின் ஓரக் குறிப்புகளைப் பறவை மிருக வடிவில் எழுதவேண்டாம் என்று பிரதி எழுதுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்னது. இப்ன் ஹயீம் அந்த எச்சரிக்கையை அறிந்திருந்தாரோ இல்லையோ, கடவுளின் சொல்லை விட்டுவிட்டுத் தன் பெயருக்குத்தான் மீன்வேடம் போட்டார். வேதத்தைப் பற்றிப் பொய் சொல்லும் அபாயம் இல்லை. தன்னைப் பற்றி அவர் சொன்னது, இவன் இந்தக் கைவேலைக்காரன் என்பது, முழு உண்மை.

தமிழகக் கடற்கரைப் படகுகளைப் பார்த்தாலும் இதே பிரிவினை தெரியும். புனிதரின் பெயரோ மகளின் பெயரோ முகப்பில் நிழல் விழும் எழுத்தாக, வண்ண வண்ணமாக நிற்கும். அரசு கொடுத்த பதிவு எண் மட்டும் எந்த வளைவும் இல்லாமல், தூரத்திலிருந்து கடலோரக் காவல்படை படிக்கும்படி பட்டையாக இருக்கும். இதை யாரும் அவர்களுக்கு வடிவமைப்புப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. கடைகளில் விற்கும் கடல் எழுத்துருக்களின் கடலோ பெரும்பாலும் விடுமுறைக்கு வந்தவரின் கடல்: தென்னை, டால்பின், சங்கு, நீலம். கரையோர ஊர்க்காரரின் கடலில் வலை உண்டு, டீசல் கணக்கு உண்டு, திரும்பி வராதவர்களின் பெயர்களும் உண்டு. அந்த ஊர்த் திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வருபவர், மாதாவின் பெயரைத் துள்ளும் டால்பின் எழுத்தில் வைக்கலாமா என்று கேட்டால், ஊர்ப்பெரியவர் அதில் யாருடைய கடல் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். கொடியேற்றம் எத்தனை மணிக்கு என்பதை எந்த எழுத்தில் போடுவது என்ற கேள்வியை அவர் கேட்கவே மாட்டார். அதற்கு என்ன எழுத்து என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.